ரம்ப மெஷினின் பச்சை வால்

கிட்டே வாருங்கள், கண்மணிகளே. இன்னும் கொஞ்சம். வெளியே மழை கொட்டுகிறது, நான் சொல்வது கேட்காமல் போய்விடும். ஒகாவா ஊரில் ஒரு ரம்ப மெஷின் ஒரே ஒரு ஆளை மட்டும் கடித்த கதையைச் சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஜூன் மாத மழை விடவே இல்லை. பதினாறு நாளாகியும் நிற்கவில்லை. ஒகாவாவில் முக்கால்வாசிப் பேர் மேசையும் அலமாரியும் செய்கிறவர்கள். மரம் ஈரம் குடித்து ஊதிப்போனால் இழுப்பறை மூடாது, மூடினால் திறக்காது. கயோ என்ற சின்னப் பெண்ணின் அப்பா பட்டறையிலும் அப்படித்தான். சிமென்ட் தரை வியர்த்துக் கிடந்தது. சுவரோரம் பூஞ்சை வாடை. கயோ குடையை மடக்கும் சத்தத்துக்கே அப்பா முகத்தைச் சுளித்தார்.

அன்று அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கொகா தரையில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

கொகாவுக்கு இருபத்திரண்டு வயது. மலை ஊரிலிருந்து வேலைக்கு வந்தவன், பட்டறை மாடியில் தங்கியிருந்தான். மிச்ச மரத்துண்டில் கயோவுக்குத் தவளை செதுக்கித் தருவான். இதுவரை ஏழு தவளைகள்.

"மறுபடியும் கடிச்சிடுச்சு முதலாளி," என்றான்.

"ரம்பமே ஓடல. நிக்கற மெஷின் எப்படிடா கடிக்கும்?" என்றார் அப்பா.

"ரம்பம் இல்ல. அதோட இரும்பு உடம்பு. தொட்டா தோள் வரைக்கும் விர்ருனு இழுக்குது."

அப்பா நேராகப் போய் மெஷினின் இரும்பு மேசைமேல் உள்ளங்கையை வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு கையையும் வைத்தார்.

"இந்தா பாரு. என்மேல மட்டும் அதுக்குப் பாசமா?"

மூலையில் அலமாரிக் கதவுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "கரடியோட வளந்த மலைக்காட்டுப் புள்ள, மெஷினுக்குப் பயப்படுது," என்றாள்.

கேலிதான். மற்ற நாளாக இருந்தால் கொகாவும் சிரித்திருப்பான்.

"மூணு நாளா இதே பாட்டு," என்றார் அப்பா. "ஸ்கூல் மேசை நாப்பது பாக்கி நிக்குது. வேலை செய்ய இஷ்டமில்லேன்னா நேரா சொல்லிடு."

கொகா கையை உதறிக்கொண்டான். "சரி முதலாளி. டீ குடிச்சிட்டு வந்து இந்த நாலு பலகைய அறுத்துக் குடுத்துடறேன். அப்பறம் ஊருக்குப் போறேன்."

கொகா எழுந்து உள்ளே போனான்.

கயோவுக்குப் புரியவில்லை. கொகா அண்ணன் பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்பாவும் பொய் சொல்லவில்லை. அவள் கண்ணாலேயே பார்த்தாள். அப்படியானால்?

தரையில் இரண்டு பேருடைய கால் தடங்களும் இருந்தன. அப்பாவின் ரப்பர் பூட்ஸ் பதித்த கோடு கோடான தடம். கொகாவின் துணிக் காலணி விட்டுப்போன ஈரத் தடம், கட்டைவிரல் தனியாகப் பிரிந்து.

'கை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். கால்தான் வேற,' என்று நினைத்தாள்.

மெஷினைத் தொடாமல் அதன் ஒயர் போகும் வழியே பார்த்துக்கொண்டே சுவர்வரை போனாள். பிளக் அதன் இடத்தில் இருந்தது. பிளக்கின் பக்கத்தில், வட்டமாகச் சுருட்டி, சிவப்பு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஒரு பச்சைக் கம்பி.

ரப்பர் பேண்டில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் செர்ரிப் பழம் தொங்கியது. அது கயோவினுடையது.

வருஷக் கடைசியில் ஊரே வீட்டையும் பட்டறையையும் கழுவித் துடைத்துப் புது வருஷத்துக்குத் தயாராகுமே, அப்போது இந்த மூலை கயோவுக்கு வந்தது. பிளக்குக்குக் கீழே சின்ன மூடி. மூடிக்குள் ஒரு திருகில் இந்தப் பச்சைக் கம்பி தொத்திக்கொண்டிருந்தது. மரத்தூள் அப்பி, எலி வால் மாதிரி அசிங்கமாக இருந்தது. துடைக்கும்போது கழன்று வந்துவிட்டது. அவள் அதைச் சுருட்டி, தன் தலையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிக் கட்டிவைத்தாள். மெஷின் எப்போதும்போல ஓடியது. "இந்த மூலைய இவ்வளவு சுத்தமா யாரும் வச்சதில்ல," என்று அப்பா எல்லோர் முன்னாலும் சொல்லி, இருப்பதிலேயே பெரிய ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குத் தந்தார்.

இந்த வசந்தத்தில் வீட்டுக்குப் புதுத் துணி துவைக்கும் மெஷின் வந்தது. அதற்கும் இதேபோல ஒரு பச்சை வால். "அது எர்த் கம்பி. அதுல கை வைக்காத. ஷாக் அடிக்காம காக்கறதே அதுதான்," என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அந்தக் காவலைக் கழற்றிப் போட்டது கயோதான்.

யாரும் பார்க்கவில்லை. கம்பியைப் பழைய இடத்தில் சொருகிவிட்டால் போதும். மெஷின் கடிக்காது. யாருக்கும் தெரியாது.

ஆனால் அப்புறம்? மெஷின் கடிக்காது என்றால், கொகா அண்ணன் இத்தனை நாளும் பொய் சொன்னான் என்றுதானே ஆகும்? அந்தப் பெயரோடு அவன் மலை ஏறிப் போவான்.

உள்ளே டீக் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம். கொகா வந்தான். பலகையைத் தோளில் தூக்கினான். மெஷினை நோக்கி நடந்தான்.

கயோ ஓடினாள். கம்பியிடம் இல்லை, வாசல் பக்கம் இருந்த மெயின் சுவிட்சுக்கு. பெட்டிமேல் ஏறி இரண்டு கையாலும் கைப்பிடியைக் கீழே இழுத்தாள்.

பட்டறை இருண்டது.

"யாரு அது?" என்றார் அப்பா.

"நான்தான்பா. கொகா அண்ணா, அதத் தொடாதீங்க. அது நெஜமாவே கடிக்கும்."

இருட்டில் அவள் முகம் யாருக்கும் தெரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று. டிசம்பர் மாதக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆரஞ்சுப் பழம்வரை சொன்னாள்.

அப்பா டார்ச்சை எடுத்துவந்து குனிந்தார். வெளிச்சம் செர்ரிப் பழத்தின்மேல் வெகுநேரம் நின்றது. பிறகு தன் பூட்ஸ்மேல் விழுந்தது. ஒன்றைக் கழற்றி அடியைத் தடவினார்.

"ரப்பர்," என்றார். "அதான் எனக்கு ஒண்ணும் ஆகல."

அப்படியே ஒற்றைக் காலில் பூட்ஸோடு கொகா முன்னால் மண்டியிட்டு, ஈரத் தரையில் நெற்றி படும்வரை குனிந்தார்.

"முதலாளி, எழுந்திருங்க. தரை ஈரம்."

"நீ மூணு நாளா சொன்ன. நான் கேக்கல." அப்பாவின் குரல் உடைந்திருந்தது. கயோ பக்கம் திரும்பினார். "அவுத்தவ நீ. ஆறு மாசமா திரும்பிக்கூடப் பாக்காதவன் நான்."

அம்மா உப்புத்தாளைக் கையில் கசக்கியபடி நின்றாள். "கரடியோட வளந்தவன்னு சொன்னது தப்புதான்," என்று மெல்லச் சொன்னாள்.

மறுநாள் கரண்டு வேலை பார்க்கும் மியஸோனோ என்ற அம்மாள் வந்தார். மோட்டாரைப் பிரித்தார். ஒயரின் தோல் ஓர் இடத்தில் தேய்ந்து, அங்கே ஈர மரத்தூள் களிபோல அப்பியிருந்தது.

"இங்கேருந்து கரண்டு மெஷின் உடம்புக்குக் கசிஞ்சிருக்கு," என்றார். "பச்சைக் கம்பி இருந்திருந்தா அது வழியா மண்ணுக்குள்ள போயிருக்கும். இல்லாததால இந்தத் தம்பி வழியா இறங்கப் பாத்திருக்கு. பொழச்சது பெரிசு."

அவர் ஒயரை மாற்றினார், பச்சைக் கம்பியைத் திருகி இறுக்கினார், கசிவு வந்தால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்சு ஒன்றும் பொருத்தினார். மற்ற மெஷின்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகுதான் டீ குடித்தார்.

கொகாவின் பை மட்டும் மாடிப்படியில் கட்டியபடியே இருந்தது.

"போறீங்களா அண்ணா?" என்று கயோ கேட்டாள்.

"கை இன்னும் மரத்துக் கெடக்கு. மழை நிக்கட்டும். அப்பறம் பாக்கலாம்."

மழை ஜூலை இரண்டாம் வாரம்தான் நின்றது. ஊருக்குப் போவதைக் கொகாவுக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை. ஒருநாள் காலையில் படியில் பையைக் காணோம். அது மாடிக்கே திரும்பிப் போயிருந்தது.

அன்று சாயங்காலம் அவன் கயோவிடம் செர்ரி ரப்பர் பேண்டைத் திருப்பிக் கொடுத்தான். "இது தலைக்கு மட்டும்," என்றான். கூடவே ஒரு தவளையும் கொடுத்தான். கை இன்னும் மரத்திருந்ததில் ஒரு கண் கோணலாக இருந்தது. பின்னால் துண்டுப் பச்சை ஒயர் ஒன்று தொங்கியது.

"தவளைக்கு ஏதுண்ணா வாலு?"

"இது எர்த் போட்ட தவளை. எவ்வளவு ஈரத்துல உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாது."

அத்தனை மழை நாளுக்கும் சேர்த்து அந்தப் பட்டறை அன்றைக்குத்தான் சிரித்தது.

அவ்வளவுதான், கண்மணிகளே. மழை எத்தனை நாள் பெய்தாலும் உங்கள் வீட்டுக் கூரையின் கீழே தூங்குகிற ஒருவருக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும். அங்கே யார் 'வலிக்கிறது' என்று சொன்னாலும் கேட்க ஒரு காது இருக்கட்டும்.