தட்டிய பிறகே சாவி

மட்டாஞ்சேரி படகுத்துறையை விட்டுக் கிளம்பியபோது கிடங்குகளின் சுக்கு வாசனை கொஞ்ச தூரம் கூடவே வந்தது. தேவரா தாண்டியதும் அதுவும் நின்றுவிட்டது. அப்புறம் காயல்தான். சாய்ந்த வெயில், டீசல் புகை, சேற்று வாடை.

பயணிகள் இருவர். திருப்பூணித்துறையிலிருந்து வந்த புதுத் தம்பதி, அபிராமும் ஸாதனாவும். படகை ஓட்டியது அதன் சொந்தக்காரன் சங்கிலிப்பாண்டி. சமையல் அமுதவள்ளி. போன வருடம் இதே படகின் அடியில் சுழலும் விசிறியில் சிக்கிச் செத்த சுடலைமணியின் மனைவி.

"கப்பைக் கிழங்கு வெந்துருச்சா தங்கச்சி? பசியில சின்னவுக படகையே தின்னுருவாக போல!"

"வெந்துருச்சுண்ணே."

இன்ஜின் இருமியது. நின்றது.

ஆகாயத்தாமரை. விசிறியில் கொடி சுற்றிவிட்டால் ஒருவன் நீரில் இறங்கி அறுக்க வேண்டும். அறுத்துவிட்டு விலகியதும் அடிப்பலகையைத் தட்டுவான். தட்டிய பிறகே மேலே சாவி திருப்புவார்கள். காயலில் எல்லாப் படகிலும் அதுதான் வழக்கம். சுடலைமணிக்கென்று ஒரு தட்டு உண்டு. நிதானமாக இரண்டு, சற்று விட்டு ஒன்று.

"அன்னிக்கு அவரு தட்டுனாராண்ணே?" அமுதவள்ளி கேட்டாள்.

"எத்தன தடவ கேப்ப? தட்டுனான். தட்டுன பெறகுதான் நான் சாவியத் திருப்புனேன். குடிபோதையில அவன் திரும்ப உள்ள போயிட்டான்."

டொக். டொக்.

...டொக்.

"அபி, கீழேந்து யாரோ தட்டறா!"

"மீனாயிருக்கும்டீ."

"மீன் தட்டுமா? அசடு!"

சங்கிலிப்பாண்டியின் முகம் வெளிறியது. குனிந்து நீரைப் பார்த்துக் கத்தினான்.

"அன்னிக்குத் தட்டாதவன் இன்னிக்கு எதுக்குடா தட்டுற?"

அமுதவள்ளி கரண்டியைக் கீழே வைத்தாள்.

மெதுவாக.

அந்த நேரம் வளைவில் சங்கு ஊதியது. சரக்குத் தோணி ஒன்று, மலைபோல, நேராக இவர்களை நோக்கி வந்தது. அந்தத் தோணியால் சட்டென்று நிற்கவும் முடியாது, விலகவும் முடியாது.

சங்கிலிப்பாண்டி கத்தியைப் பல்லில் கடித்தான். மறுபடி எடுத்தான்.

"தங்கச்சி, ஏறி வர நேரமிருக்காது. படபடன்னு தட்டுவேன். அது நான். அதக் கேட்டதும் திருப்பு. வேற... வேற எது கேட்டாலும் சாவியத் தொடாத!"

குதித்தான்.

குமிழிகள். அறுந்த கொடிகள் மிதந்து வந்தன. தோணியின் நிழல் படகின் மேல் விழுந்தது. ஸாதனா கண்களை மூடிக்கொண்டாள்.

டொக். டொக்.

அமுதவள்ளியின் விரல் சாவியில் இருந்தது.

...டொக்.

திருப்பினாள்.

விசிறி ஒரு கணம் எதிலோ தடுமாறியது. பிறகு சீராகச் சுழன்றது. படகு சீறி விலக, கைதொடும் தூரத்தில் தோணி கடந்து போனது.

"அக்கா! அவர் படபடன்னுன்னா தட்டறேன்னார்! இது அவர் இல்லியே!" அபிராம் அலறினான்.

"ஆமா தம்பி. இது எங்க வீட்டுக்காரரு."

படகை அவளே துறைக்குக் கொண்டுவந்தாள். தம்பதி போலீஸைத் தேடி ஓடினார்கள். கயிற்றைக் கட்டினாள். சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டு, படகிலேயே உட்கார்ந்தாள்.

காலடியில் சத்தம்.

படபட. படபட. படபட.

யாரோ அடிப்பலகையை வெறிபிடித்தாற்போல் தட்டினார்கள்.

"கேக்குதுண்ணே," என்றாள் அமுதவள்ளி.

சாவி முடிச்சில்தான் இருந்தது. இன்ஜின் குளிர்ந்து கிடந்தது.

தண்ணீருக்கடியில் விசிறி, ஒரே ஒரு முறை, நிதானமாகச் சுழன்றது.