துணிக்கொடியில் ஓர் இலையுதிர்காலம்

சனிக்கிழமை அம்மா வீட்டுக்கு வருகிறாள் என்று அப்பா சொன்னதும் ஒடெட் வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்க மறந்துவிட்டாள். அவள் தம்பி ரெமிக்கு ஐந்து வயது. அவன் நாற்காலியிலிருந்து குதித்து, மேசையை மூன்று சுற்று ஓடிவிட்டுத்தான் நின்றான். பின்னே? அம்மா இல்லாமல் அந்த வீடு மூன்று வாரத்தை ஓட்டியிருக்கிறதே!

செப்டம்பர் கடைசியில் அம்மா ஏணியில் ஏறி ஆப்பிள் பறித்தாள். ஏணி சரிந்தது, அம்மாவும் விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது. அன்று போனவள்தான் ஆஸ்பத்திரிக்கு. அன்றே அப்பா வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிட்டார். இனி யாரும் ஏணியில் ஏறக்கூடாது. நாற்காலிமேல்கூட ஏறக்கூடாது. மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கும் அப்பா அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். வெர்மான்ட் மாநிலத்தின் அந்தச் சிறிய ஊரில் அவள் பேருந்தில் ஏறாத பிள்ளையே கிடையாது. ஒவ்வோர் அக்டோபரிலும், இலைகள் நன்றாகச் சிவந்த ஒரு நாளில், அம்மா நேரே பள்ளிக்குப் போகமாட்டாள். குன்றுச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள். அங்கே இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் நின்று, மேலே கிளையோடு கிளை கோத்திருக்கும். பிள்ளைகள் அதற்குச் சிவப்புக் குகை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

குகைக்குள் நுழைந்ததும் பேருந்து நத்தையாக நகரும். அம்மா கண்ணாடியில் எல்லோரையும் பார்த்து, "எல்லாரும் மேலே பாருங்க" என்பாள். அவ்வளவுதான். சண்டை போட்டுக்கொண்டிருந்த பையன்கள்கூடத் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ஒடெட்டுக்கு அப்படியொரு பெருமை பொங்கும்.

இந்த வருஷம் வேறொருவர் பேருந்து ஓட்டினார். நல்ல மனிதர்தான். ஆனால் கடிகாரத்தைத் தவிர எதையும் பார்க்கமாட்டார்.

புதன்கிழமை தொலைபேசியில் அம்மாவின் குரல் மெலிந்திருந்தது. "இந்த வருஷம் ஒரு இலைகூட பாக்கல ஒடெட். என் ஜன்னலுக்கு வெளிய வெறும் சுவர்தான்" என்றாள்.

அதற்கும் அப்பா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அம்மாவைக் கொண்டுவரும் வண்டி குன்றுச் சாலை வழியாக மெதுவாக வரும். சிவப்புக் குகையை அம்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொள்ளலாம். ஒடெட் விரல் விட்டு நாளை எண்ணினாள்.

வியாழக்கிழமை இரவு காற்றும் மழையும் பேயாட்டம் ஆடின. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் மரங்கள் உரித்த கோழியாக நின்றன. ஒரு மரத்தில், ஒரே ஒரு மரத்தில்கூட, இலை இல்லை. ஒடெட் பேருந்து ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் என்ன சொல்வது?

அன்று கணக்கு வகுப்பில் அவள் ஒரு கணக்கும் போடவில்லை. ஆனால் மாலையில் வீட்டுக்கு வந்தபோது கண்கள் பளபளத்தன. இரண்டு சாக்குகளையும் ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு ரெமியைக் கூப்பிட்டாள்.

"இலை மரத்துல இல்லைன்னா என்ன, தரையில கிடக்குல்ல? வா, வீட்டுக்குள்ள கொண்டு வந்துருவோம்."

"எல்லாத்தையுமா?" என்று ரெமி வாய் பிளந்தான்.

சாலையோரம் முழுக்க இலைகள் ஒட்டிக் கிடந்தன. ஒடெட் அவற்றில் நல்ல சிவப்பாக, ஆரஞ்சாக, மஞ்சளாகப் பொறுக்கினாள். பைன் காய்களைப் பொறுக்குவது ரெமியின் வேலை. வாளி நிறைய எடுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்தான். ஒடெட் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வெயில் நாளில் பைன் காய் பூப்போல விரிந்து அழகாக இருக்கும். இவையோ மழையில் ஊறி, செதில்களை இறுக மூடிக்கொண்டு, கருகிப்போன சாசேஜ் மாதிரி இருந்தன. பிசின் வேறு கையில் பிசுபிசுத்தது. இவை வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். ரெமியின் கீழுதடு பிதுங்கியது.

"அம்மாவுக்குன்னுதான் எடுத்தேன். முப்பத்தி நாலு இருக்கு. ரெண்டு தடவை எண்ணினேன்" என்றான்.

ஒடெட் அவன் முகத்தைப் பார்த்தாள். பிசின் மூக்குவரை ஏறியிருந்தது. "சரி, முப்பத்தி நாலையும் மாட்டலாம்" என்றாள். மனதுக்குள், மூலையில் எங்காவது தொங்கவிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

இலையை அப்படியே வைத்தால் மறுநாளே சுருண்டுவிடும். அதனால் துடைத்து உலர்த்தி, இரண்டு மெழுகுத்தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட வேண்டும். மெழுகு உருகி இலையோடு ஒட்டிக்கொள்ளும், நிறமும் மங்காது. அம்மா ஒவ்வொரு வருஷமும் ஜன்னலுக்காக நாலைந்து இலை இப்படிச் செய்வாள். ஒடெட் எண்பது செய்தாள். சமையலறை முழுக்க மெழுகும் ஈர இலையும் கலந்த வாசனை. மெழுகு இஸ்திரிப்பெட்டியில் ஒட்டாதபடி தாளின் மேலே ஒரு பழைய துணியைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் அந்த அவசரத்தில் அவளுக்கு நினைவே வரவில்லை. இலைகளை மாலையாகக் கட்டும்போது நூல்கண்டு தீர்ந்ததும், குளியலறையிலிருந்த, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை எடுத்துக் கட்டினாள். அது இன்னும் உறுதியாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் அப்பா தன் நல்ல வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். மாட்டிக்கொண்டு கிளம்பியபோது முதுகின் நடுவில் மெழுகாலான ஒரு மேப்பிள் இலை, நரம்பெல்லாம் தெரிய, அழகாகப் பதிந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயே திறக்கவில்லை.

அவர் போனதும் வேலை மும்முரமாக நடந்தது. கைக்கு எட்டிய உயரத்தில் கதவு நிலையில் இலைமாலை, அலமாரியில் இலைக்கொத்து, ஜன்னலில் இலைவரிசை. ஒடெட் தள்ளி நின்று பார்த்தாள். பிரமாதம்! துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அம்மாவால் மாடி ஏற முடியாது. அதனால் முன்னறையில் விறகடுப்பின் பக்கத்திலேயே கட்டில் போட்டிருந்தார் அப்பா. ரெமி அதில் மல்லாக்கப் படுத்து, அம்மாவைப்போல முனகிக் காட்டினான். பிறகு சட்டென்று முனகலை நிறுத்தினான்.

"அக்கா, இங்கேருந்து ஒண்ணுமே தெரியலையே."

ஒடெட் ஓடிப்போய் அவன் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். கதவு தெரியவில்லை. அலமாரி தெரியவில்லை. உத்தரமும் ஓர் ஒட்டடையும் காயப்போட்ட காலுறைகளும்தான் தெரிந்தன. அம்மா இன்னும் ஆறு வாரம் அசையாமல் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தது சுவர், இங்கே பார்க்கப்போவது ஒட்டடையா?

கடிகாரத்தில் மணி பதினொன்று. அம்மா பன்னிரண்டுக்கு வருவாள். எல்லாவற்றையும் கூரைக்குக் கொண்டுபோக வேண்டும். ஏணி கொட்டகையில்தான் இருக்கிறது, யாரும் பார்க்கப்போவதில்லை. ஒடெட் வாசல்வரை போனாள். போனவள் நின்றாள். அம்மா விழுந்த சத்தம் இன்னும் அவள் காதிலேயே இருந்தது. திரும்பி வந்து மறுபடியும் கட்டிலில் படுத்தாள்.

அப்போதுதான் துணிக்கொடி கண்ணில் பட்டது. பனிக்காலத்தில் வெளியே எதுவும் காயாது என்பதால் அடுப்புக்கும் கட்டிலுக்கும் மேலே, கூரையை ஒட்டி, நீள நீளமான ஆறு மரச்சட்டங்கள் தொங்கின. சுவரிலிருக்கும் கயிற்றை அவிழ்த்தால் கொடி கீழே இறங்கும், இழுத்தால் மேலே ஏறும். இப்போது அதில் அப்பாவின் காலுறைகள்தான் காய்ந்துகொண்டிருந்தன.

"ரெமி, நாம ஏற வேண்டாம்டா" என்று கத்தினாள் ஒடெட். "கொடிதான் ஏறப்போகுது!"

கொடியை இறக்கி, காலுறைகளை வீசி எறிந்தார்கள். சட்டத்துக்குச் சட்டம் இலைமாலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்கள். ஓரத்தில் சிவப்பு, உள்ளே ஆரஞ்சு, நடுவில் மஞ்சள். பைன் காய்களை எங்கே தொங்கவிடுவது? மூலை என்று நினைத்திருந்தாள் ஒடெட். ரெமியோ ஒவ்வொன்றையும் முத்தம் கொடுத்துக் கொடுத்து நீட்டினான். போகட்டும் என்று முப்பத்தி நாலையும் அம்மாவின் முகத்துக்கு நேர் மேலே கட்டிவிட்டாள்.

கொடி கனத்தது. இருவரும் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்கள். ரெமியின் கால்கள் தரையை விட்டு எழும்பின. ஏலேலோ என்று இழுத்து, கட்டி முடிக்கவும் வாசலில் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

இரண்டு ஆட்கள் அம்மாவை மெல்லத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்திவிட்டுப் போனார்கள். அம்மா கண்ணை மூடியிருந்தாள். குன்றுச் சாலையில் மொட்டை மரங்களைப் பார்த்ததிலிருந்து கண்ணையே திறக்கவில்லை என்று அப்பா மெதுவாகச் சொன்னார்.

ஒடெட் கட்டிலருகே போனாள். என்னவெல்லாமோ சொல்ல நினைத்திருந்தாள். வந்தது ஒன்றுதான்.

"எல்லாரும் மேலே பாருங்க."

அம்மா கண்ணைத் திறந்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது. கையை நீட்டி, கிடைத்த பிள்ளையைக் கிடைத்த இடத்தில் பிடித்து இழுத்துக்கொண்டாள். ரெமியின் காது பிடிபட்டது.

அம்மாவுக்குக் குளிருமே என்று அப்பா குனிந்து, அந்தக் குளிர்காலத்துக்கு முதல் தடவையாக விறகடுப்பை மூட்டினார். அவர் முதுகைப் பார்த்த அம்மா, "மார்செல், உன் மேலயும் ஒண்ணு உதிர்ந்திருக்கு" என்றாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கவைக்காதீர்கள், இடுப்பு வலிக்கிறது என்று அம்மாவும் சிரித்தாள்.

சூடு மேலே ஏற ஏற இலைகள் மெல்ல ஆடின. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, "நடுவுல என்ன, உம்முனு இருக்கு?" என்று கேட்டாள். ரெமி தலையைக் குனிந்துகொண்டான். அவை அம்மாவுக்குப் பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம் என்று முணுமுணுத்தான்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஒரு பைன் காய் ஒரு செதிலைத் திறந்திருந்தது. அப்புறம் பக்கத்துக் காய். டிக், டிக் என்று முப்பத்தி நாலும் அந்தச் சூட்டில் சோம்பல் முறித்துக்கொண்டு விரிய ஆரம்பித்தன. ஒன்றிலிருந்து ஓர் இறக்கை வைத்த விதை கழன்று, சுழன்று சுழன்று இறங்கி, அம்மாவின் போர்வைமேல் உட்கார்ந்தது.

அம்மா அதை விரலால் எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் எனக்கு முன்னாடியே உதிர்ந்து போச்சேன்னு நினைச்சேன்" என்றாள். "இது மட்டும் நான் வர்ற வரைக்கும் வாயை இறுக்கி மூடிட்டுக் காத்திருக்கு பாரு."

ரெமியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கட்டிலில் ஏறி அம்மாவை இடிக்காமல் ஒட்டிப் படுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்த்து விரித்துக்கொண்டான்.

"அடுத்தது எனக்கு" என்றான்.