வலது பக்க ஜன்னல்

"ஐயோ... என் பொண்டாட்டி!"

படகுத்துறையே திரும்பிப் பார்த்தது.

நடு ஏரியில், துடுப்புப் படகில் நின்று அலறிக்கொண்டிருந்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். போகும்போது படகில் இரண்டு பேர். இப்போது ஒருவன்!

ஒரு மணி நேரம் கழித்து, ஏரிக்கரைப் போலீஸ் நிலையம்.

பெண் இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் மனைவியின் லைஃப் ஜாக்கெட். ஒரு சொட்டு ஈரமில்லை.

"இதை ஏன் கழட்டினாங்க?"

"போட்டோவுக்காக மேடம்... எழுந்து நின்னா... படகு ஆடிச்சு... அவளுக்கு நீச்சல் தெரியாது மேடம்!"

கர்சீப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். கர்சீப் மட்டும் நனையவே இல்லை!

"இந்த ஊருக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?"

"இல்லவே இல்ல. காலைல திடீர்னு தோணுச்சு. கடையைப் பூட்டினேன், அவளைக் கூட்டிக்கிட்டு மலை ரயில்ல ஏறிட்டேன். மாத்துத்துணிகூட எடுக்கல..."

"பொய்!"

பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார் ரயில் டிக்கெட் பரிசோதகர். அலறலைக் கேட்டுப் பக்கத்து ரயில் நிலையத்திலிருந்து ஓடி வந்தவர். அவருக்கு மூக்கு நுனியில் கோபம்.

"புதுசா வர்றவங்க எல்லாரும் இடது பக்கம்தான் பாய்வாங்க. பள்ளத்தாக்கு அங்கதான். வலது பக்கம் வெறும் பாறை. குகையைத் தாண்டினப்புறம்தான் வலது பக்கம் ஏரி வரும். காலி ரயில்ல நீ நேரா வலது ஜன்னலுக்குப் போனியே... எப்படிய்யா?"

"அது... சும்மா..."

"சும்மாவா? போன மாசமும் அதே ஜன்னல்தான்! பக்கத்துல வேற ஒரு அம்மா!"

பேயறைந்தவன் போலானான் கடைக்காரன். ஆனாலும் குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ரகம்!

"சரி, வந்தேன்! அதுக்காக நான்தான் தள்ளிவிட்டேன்னு ஆயிடுமா? யார் பார்த்தா? சாட்சி எங்க?"

"இங்க!"

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு...

மனைவி!

"நீ... நீ எப்படி..."

"ஜாக்கெட்டைக் கழட்டச் சொன்னது யாரு? துடுப்பால முதுகுல இடிச்சது யாரு? சொல்லுடா!"

"உ... உனக்குத்தான் நீச்சல் தெரியாதே!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

"ஆறு மாசமா கத்துக்கறேன்! படகுக்கு அடியில முங்கி, கோரைக்குள்ள புகுந்து எதிர்க்கரை ஏறினேன். நீ கரையில ஒப்பாரி வைக்கும்போதே இங்க வந்துட்டேன். தினமும் காலைல ஈரத் தலையோட உன் முன்னாடிதானே வந்து நின்னேன்? ஒரு நாளாவது ஏன்னு கேட்டியா? ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கற... கட்டினவ தலை உன் கண்ணுக்குத் தெரியலையா?"

அழுகை வந்தது. அதை மீறி ஆத்திரம் வந்தது. மேஜையிலிருந்த லைஃப் ஜாக்கெட்டை எடுத்து அவன் முகத்திலேயே வீசினாள்.

"இந்தா, நீயே மாட்டிக்கோ! இனி உனக்குத்தான் தேவைப்படும்!"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"கிளம்பலாமா?"

"எ... எங்க மேடம்?"

"திடீர்ப் பயணம்தான் சார். இந்த வண்டியில எந்த ஜன்னல் வேணும்னாலும் எடுத்துக்குங்க... ரெண்டு பக்கமும் கம்பிதான் தெரியும்!"