திருமழிசையில் ஒரு பிரதி

கேள்வியைத் தட்டினால் கண் இமைப்பதற்குள் வந்து நிற்கும் பதில், அன்று மத்தியானம் வரவேயில்லை. அம்பத்தூர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் ஏ.சி.யின் முனகலையும், மழை ஒழுகி ஊறிய கம்பளத்தின் வாடையையும் தவிர செலினுக்குத் துணை கிடையாது. சனிக்கிழமை. மற்றவர்கள் வீட்டுக்குப் போயாகிவிட்டது.

இந்த சர்வரில் எது எழுதினாலும் திருமழிசைத் தொழிற்சாலையின் சர்வரிலும் அப்படியே பதியும். அங்கே எழுதினால் இங்கே. பதிந்துவிட்டது என்று அங்கிருந்து பதில் வரும்வரை இது காத்துக் கிடக்கும்.

அங்கே உட்கார்ந்திருப்பவள் கஸ்தூரி. நேற்று வந்தவள். "அந்தப் பொண்ணு மெஷின் மட்டும் எப்டிம்மா பறக்குது?" என்று காலையில்தான் மேனேஜர் பார்த்தசாரதி கேட்டார். திங்கட்கிழமை முதல் இரண்டு சர்வருக்கும் அவள்தான் பொறுப்பாம். இத்தனை வருஷம் இந்தக் குளிரில் கிடந்து தேய்ந்த செலினுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

எது மறிக்கிறது என்று தேடினாள். காத்து நின்ற வேலைகளுக்கெல்லாம் முன்னால், வழியை அடைத்துக்கொண்டு ஒரே பெயர் நின்றது. கஸ்தூரி.

அவளுடைய இணைப்பை மட்டும் துண்டித்திருக்கலாம். அதுதான் முறை. செலின் ஊழியர் விவரங்களைத் திறந்து கஸ்தூரியின் வரியையே அழித்தாள். அங்கேயும் அழியட்டும். திங்கட்கிழமை வந்து, பேரே இல்லை என்று அலையட்டும் மகாராணி.

மறுநொடி தேங்கி நின்ற வேலையெல்லாம் பறந்தது. அப்பாடா என்றிருந்தது. அவள் பதறுவதைக் காதால் கேட்கும் ஆசையில் திருமழிசைக்கு போன் போட்டாள். வாட்ச்மேன் துலுக்கானம் எடுத்தார்.

"கஸ்தூரியக் கூப்பிடுங்கண்ணே. செலின் பேசறேன்."

"யாரும்மா கஸ்தூரி? அப்டி யாரும் இங்க இல்லியே."

"வெளையாடாதீங்க. கம்ப்யூட்டர் ரூம் பொண்ணு."

"அந்த ரூமு எப்பவும் பூட்டித்தான் கீது." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா உள்ள யாரோ தட்டிகினு கீறாங்க."

அவருக்குப் பின்னால், பூட்டிய கதவுக்கு அப்பாலிருந்து, கீபோர்டு சத்தம் செலினுக்கும் கேட்டது. நிதானமாக. ஒவ்வொரு தட்டாக.

திரையில் செலினுடைய வரி தானாகத் திறந்தது. அழிக்கும் கட்டளை திருமழிசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் எழுத்தாக. செலின் கையில் கிடைத்த விசையை எல்லாம் தட்டினாள். எதுவும் அசையவில்லை.

போனில் சத்தம் நின்றது.

"ஹலோ," என்றார் துலுக்கானம். "யாரும்மா பேசறது?"

வாயைத் திறந்தாள். சொல்ல ஒரு பேர் வரவில்லை.

திரை அணைந்தது. கறுத்த கண்ணாடியில் அறை தெரிந்தது. ட்யூப் லைட். காலி நாற்காலி. அதற்கு மேலே, அந்தரத்தில், போன் ரிசீவர்.