உப்புத் தண்ணி

தொட்டியில் இருந்த சீனியாக்கள் அத்தனையும் சமையலறைப் பக்கம் சாய்ந்திருந்தன.

வியாழக்கிழமை மாலை ஆறே கால். உறையூரில் செயற்கைப் பல் செய்யும் தன் லேபைப் பூட்டிவிட்டு ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்த ரெங்கராஜ், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஹாலில் கடல்நீர் மீன்தொட்டியின் முன் நின்றான். சீனியா ஒரு மென்பவளம். பார்ப்பதற்குச் செடி, உண்மையில் விலங்கு. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தில் சமைப்பதைப் பவளம் தின்கிறது. அதனால் பவளம் எப்போதும் வெளிச்சத்தை நோக்கியே சாயும். தொட்டியின் நீல விளக்கு நேர் மேலே எரிந்தது. ஜன்னல் இடப்பக்கம் இருந்தது. சமையலறை வலப்பக்கம், இருட்டாக. தண்ணீர் தள்ளியிருக்கும் என்று நினைத்து, தொட்டித் தண்ணீரை ஓட வைக்கும் மோட்டாரைப் பார்த்தான். மோட்டார் வலமிருந்து இடமாகத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. அவை ஓட்டத்தை எதிர்த்துச் சாய்ந்திருந்தன.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கட்டைவிரல் அளவு துண்டாக வந்தது அது. உரித்த கோழித்தோல் நிறத்தில் ஒரு தண்டு, அதன் நுனியில் கொத்துக் கொத்தாகச் சின்னக் கைகள், ஒவ்வொரு கையிலும் எட்டு விரல்கள், விரலெல்லாம் இறகு போல. அந்தக் கைகள் மூடும், திறக்கும், மூடும், திறக்கும். எதையும் பிடிப்பதற்கல்ல, சும்மா. முதல் மாதம் அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைத்தான் பார்த்தான். எட்டாவது மாதம் அது பாறையை மூடியது. ஒன்றரை வருடத்தில் பின்கண்ணாடியில் ஏறியது. அடியில் ஊர்ந்து, இரண்டாகப் பிரிந்து, பக்கத்துப் பவளத்தின் மேல் படுத்து அதை மூச்சடைக்க வைத்துவிடும். கட்டுப்படுத்த வழிகள் உண்டு: சுற்றிலும் வெறும் மணல் விட்டுத் தனிப் பாறையில் ஒதுக்கலாம், அடிப்பாகத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பை அப்பிக் கருக்கலாம், கத்தரியால் வெட்டலாம். வெட்டினால் மட்டும் ஒரு துண்டைக்கூட மிதக்க விடக் கூடாது. மிதக்கிற துண்டு எங்கே போய் ஒட்டுகிறதோ அங்கே புதுக் குடும்பம்.

பாலக்கரையில் மீன்கடை வைத்திருக்கும் வீரமலைக்கு போன் போட்டான். சீனியாவை அவனுக்கு விற்றது வீரமலைதான்.

"எந்தப் பக்கம் சாஞ்சா என்ன சார், தோசையா சுடப் போறீங்க?"

"ஓட்டத்துக்கு எதிரா நிக்குதுண்ணே."

"அது உய்யக்கொண்டான் வாய்க்கால் ஆகாயத்தாமரை மாதிரி சார். வருஷா வருஷம் ஜேசிபி விட்டு அள்ளுறாங்க, போயிடுச்சா? ஆமா, போன வாரம் வெட்டுனீங்களே, துண்டெல்லாம் கொட்டிட்டீங்கல்ல?"

"கேன்ல போட்டு வச்சிருக்கேன்."

"வச்சிருக்கீங்களா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெட்டுனேன். விளக்கு வச்சாச்சு, இனிமே வீட்டுலேருந்து எதையும் வெளிய கொட்டாதீங்கன்னு பொண்டாட்டி சொல்லிட்டா. மறுநா காலைல கொட்டலாம்னு நெனச்சேன், அவளுக்குப் பல் புடுங்குற அலைச்சல்ல மறந்தே போச்சு."

வீரமலை சிரித்தான். "ஆறு நாளா? மூடியத் தொறக்கறப்ப மூக்கப் பொத்திக்குங்க சார். செத்த சீனியா நாத்தம் அடிச்சா ஒரு வாரத்துக்குச் சோறு எறங்காது."

அந்த நாற்றம் ரெங்கராஜுக்குத் தெரியும். அழுகிய முட்டையும் ஈர உப்பும் சேர்ந்தது, நாக்கின் வேர் வரை போய் உட்கார்ந்துகொள்வது. இப்போதுதான் உறைத்தது: இரண்டு நாளாக அந்த வாடை வீட்டில் இருக்கிறது. ஹாலில் அல்ல. படுக்கையில். மனைவி பிரேமலதாவின் தலையணையில். பிடுங்கிய இடம் ஆறும்போது வாய் நாறுவது சகஜம் என்று அவனே அவளைத் தேற்றி, தானும் நம்பி, மறுபுறம் திரும்பிப் படுத்திருந்தான்.

துணி காயப்போடும் பால்கனிக்குப் போனான். வாஷிங் மெஷின் ஓரத்தில், வைத்த இடத்தில், கேன் இல்லை. தரையில் அதன் வட்டத் தடம் மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

சமையலறையில் யாரோ வாய் கொப்பளித்தார்கள். களகளவென்று நீளமாக, தொண்டை வரைக்கும் கொண்டுபோய். நின்றது. துப்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

வரவில்லை.

அவன் உள்ளே போய் விளக்கைப் போட்டான். பிரேமலதா சிங்க்கின் முன் டம்ளரோடு நின்றிருந்தாள். பக்கத்தில் அந்த வெள்ளைக் கேன். தொட்டிக்கு உப்புக் கலந்த தண்ணீரும் குடிக்கிற தண்ணீரும் ஒரே மாதிரி கேன்களில் இருப்பதால், மாறிவிடக் கூடாது என்று அவனே மார்க்கரால் பெரிதாக எழுதியிருந்தான்: உப்புத் தண்ணி.

"வந்துட்டீங்களா. தீரப் போகுதுங்க, இன்னும் கொஞ்சம் கலந்து வைங்க."

"லதா, இத எப்பலேருந்து..."

"ஞாயித்துக்கெழமைலேருந்துதான். உப்புத் தண்ணில கொப்பளிங்கன்னு டாக்டர் சொல்லிட்டு அனுப்புறாரு, வீட்டுக்கு வந்தா நீங்க முந்தின நாளே கலந்து, எழுதியும் வச்சிருக்கீங்க. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல இப்பத்தான் இவருக்குப் புத்தி வந்துருக்குன்னு எங்கம்மாகிட்டகூடச் சொன்னேன்." அவள் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "சூடு பண்ணா உறுத்துது. அப்படியேதான் ஊத்திக்கிறேன்."

கேனைத் தூக்கினான். கனமில்லை. மூடியைத் திறந்து போன் டார்ச்சை உள்ளே அடித்தான். வெட்டியவை நாற்பத்தொரு துண்டுகள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டதால் கணக்குத் தெரியும். ஆறு நாள், வெளிச்சமில்லை, ஓட்டமில்லை, திருச்சி வெயில். எல்லாம் கரைந்து கூழாகியிருக்க வேண்டும். அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர். அதில் மூக்குச்சளி போல நூல்நூலாக ஏதோ தொங்கியது. நடுவே மூன்று சீனியாக்கள், கொழுத்து, வெளுத்து, தொட்டியில் இருப்பவற்றைவிட ஆரோக்கியமாக. மூடின. திறந்தன. சீனியாவின் கைகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் இயங்கும். இரண்டு கைகள் ஒன்றுசேர்ந்து மூடி அவன் பார்த்ததில்லை. இவை ஒரே சமயத்தில் மூடின.

மூன்று. மீதி முப்பத்தெட்டு.

"வலிக்குதா?" என்றான்.

"சுத்தமா வலியில்ல. நமநமன்னு இருக்கு. உள்ள யாரோ மெதுவா வருடுற மாதிரி. நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா சோறு மெல்லப் புடிக்கல. துப்பவும் வரமாட்டேங்குது."

லேப் பையைத் திறந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தான். நீளக் கைப்பிடி, நுனியில் வட்டக் கண்ணாடி. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தலையைச் சாய்த்து, டார்ச்சைப் பிடித்தான்.

"ஆ காட்டு."

வாடை முகத்தில் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டான். பல் பிடுங்கிய குழி ஆறாம் நாள் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்: ஓரம் சிவந்து, நடுவே புதுச்சதை, மேலே மஞ்சள் ஏடு. கீழ் வரிசைக் கடைசியில் ஏடு தெரிந்தது. வெளுத்த, வழவழப்பான ஏடு. அது குழியோடு நிற்கவில்லை. ஈறு முழுக்கப் பரவி, கன்னத்தின் உட்புறம் ஏறி, அண்ணத்தில் தொங்கியது. ஆறுகிற சதைதான், என்று சொல்லிக்கொண்டான். ஆறுகிற சதைதான்.

வெளிச்சம் பட்டதும் அது விரிந்தது.

ஒரு கை. பிறகு வரிசையாக. ஈறெல்லாம். அண்ணமெல்லாம். நாக்கின் அடியில், பழைய எச்சிலும் சளியும் கோத்துக் கிடந்த இடத்தில், அரிசி அளவுக் கைகள். எட்டெட்டு விரல். எல்லாம் ஒன்றாக மூடின. ஒன்றாகத் திறந்தன.

அவன் கண்ணாடியை வெளியே எடுத்தான். டார்ச்சை அணைத்தான்.

"என்னங்க இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வா, ஜி.ஹெச். போயிடலாம். இப்பவே."

அவள் அவன் போனைப் பிடுங்கி, செல்ஃபி கேமராவில் பார்த்தாள். கத்தவில்லை. வாயை மூடினால் பல்லுக்கிடையே அவை நசுங்கும் என்று பயந்து, திறந்தபடியே வைத்துக்கொண்டாள். கண்களில் நீர் ஓடியது. வாயோரம் எச்சில் நூலாக இறங்கிச் சேலையில் விழுந்தது.

"எ-டு-ங்க," என்றாள். உதடு சேராத பேச்சு. "வெ-ட்-டுங்க."

வெட்டக் கூடாது. அவனுக்குத் தெரியும், அவனைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கினாள். அவள் தானே விரலை விட்டுப் பிய்த்துவிடுவாள் போலிருந்தது. ஒன்று. ஒன்றை மட்டும். முன்னால், எட்டும் இடத்தில். இடக்கையில் கண்ணாடி, வலக்கையில் லேப் பையிலிருந்து எடுத்த வளைந்த சின்னக் கத்தரி. வெட்டியதும் பிடிக்க வேண்டும். வழுக்கும். பிடித்தே ஆக வேண்டும்.

வெட்டினான்.

வழுக்கியது. நாக்கின் மேல் விழுந்து, ஒருமுறை மூடித் திறந்து, பின்னால் சரிந்தது.

"துப்பு லதா. துப்பு."

அவள் முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு தொண்டை ஏறி இறங்கியது.

விழுங்கிவிட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் கண்ணாடியை வெளியே இழுத்தான்.

வரவில்லை.

மறுபடி இழுத்தான். மெத்தென்று, நனைந்து, பல நூறு விரல்களாக அது பிடித்திருந்தது. எதையும் பிடிக்காதவை. சும்மா மூடித் திறப்பவை. கைப்பிடி வழியாக அந்தத் துடிப்பு அவன் விரலுக்கு ஏறியது. மூடு. திற. மூடு. அருவருப்பு தாங்காமல், யோசிக்காமல், கையை விட்டுவிட்டான்.

கண்ணாடி விழவில்லை.

அவள் உதடுகளுக்கு வெளியே எஃகுக் கைப்பிடி அரையடி நீட்டிக்கொண்டு நின்றது. மெல்ல மேலே போனது. கீழே வந்தது. அவள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் அவனை விட்டு அகலவில்லை. தொண்டை அசையவில்லை. அவள் விழுங்கவில்லை.

கைப்பிடி மேலே போனது. கீழே வந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக வெளியே தெரிந்தது.