இரவல் எலும்பு

குதிகால் அசைந்தது. இனி அசையவே கூடாத குதிகால்.

மழை வரப்போகும் அந்த மாலையில், புழுக்கம் தாங்காமல், ஆபரேஷனுக்குப் பின் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் பூட்ஸைக் கழற்றிவிட்டு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த விளையாட்டு டீச்சர், வியர்வையும் மருந்தும் கலந்து நாறிய தன் வலது பாதம், அவள் சொல்லாமலேயே, மெல்ல மெல்ல வாசல் பக்கம் திரும்புவதைப் பார்த்தாள். கையால் பிடித்து நேராக்கினாள். மறுபடியும் திரும்பியது.

கணுக்காலுக்குக் கீழே தேய்ந்துபோன மூட்டை, பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியாகவே சுரண்டி, இடையில் எலும்புத் துண்டு வைத்து, திருகாணி முடுக்கி ஒட்டியவள் எலும்பு டாக்டரான கூடப்பிறந்த அக்காதான். மைதானத்தில் நிற்க முடியாவிட்டால் வேலை போய்விடும் என்பதால்தான் டீச்சர் சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்தவர் எலும்பு வேண்டாம், என் இடுப்பிலிருந்தே எடு. "பயந்தாங்கொள்ளி" என்று சிரித்துவிட்டு அக்கா தலையாட்டினாள். இடுப்பில் தழும்பே இல்லையே என்று பிறகு கேட்டதற்கு, ஊசியிலேயே எடுத்துவிட்டேன் என்றாள். அக்கா சொன்னால் அப்பீல் ஏது?

போன் செய்ததும் அக்கா வந்துவிட்டாள். குதிகாலை அழுத்திப் பார்த்தாள்.

"எக்ஸ்ரே படத்துல நல்லா ஒட்டியிருக்குடி."

"ஒட்டினது ஏன்க்கா திரும்புது?"

அக்கா குதிகாலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கூரையில் முதல் தூறல் விழுந்தது.

"யாரோட எலும்பு இது?"

"எலும்பு வங்கியில வாங்கினது. சொன்னா நீ மல்லுக்கு நிப்ப."

"கால்ல விழாத குறையா கேட்டேனேக்கா!"

நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டாள். வேறு யாராவது செய்திருந்தால் இப்படி வயிறு எரிந்திருக்காது.

"செத்தவர் ஒருத்தர்தான். அவரோட எலும்பை ஆறு பேருக்குப் பிரிச்சு வெச்சேன்" என்றாள் அக்கா, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல. "மத்த அஞ்சு பேரும் நேத்தே வீட்டை விட்டுக் கிளம்பிட்டாங்களாம்."

"எங்க?"

பதில் வெளியிலிருந்து வந்தது. ஈரத் தெருவில் ஒரு தட்டல், ஓர் இழுப்பு. தட்டல், இழுப்பு. ஒரு கால் அல்ல. பல கால்கள். நெருங்கி வந்தன. படியேறின. நின்றன.

அக்கா எழுந்து கதவருகே போனாள். டீச்சருக்கு உயிர் வந்தது.

"தாழ்ப்பாளைப் போடுக்கா!"

போட்டிருந்த தாழ்ப்பாளை அக்கா விலக்கினாள்.

"காலையில என் வாசல்ல வந்து நின்னாங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. "எல்லார் காலும் ஆறாவது துண்டைத் தேடி உன் வீட்டுப் பக்கமே திரும்பியிருந்துச்சு. தடுத்தா என் வீட்டை விடாதுங்க. எனக்குப் பிள்ளைங்க இருக்குடி. மன்னிச்சுடு."

கதவு திறந்தது.

மழையில் ஐந்து பேர். ஐந்து பிளாஸ்டிக் பூட்ஸ். யாரும் விரும்பி வந்தவர்களாகத் தெரியவில்லை. ஒருவர் கையில், போகாமலிருக்கப் பற்றியதில் பிய்ந்துவந்த ஜன்னல் கம்பி. ஒருத்தியின் நகங்களில் ரத்தம். கிழவர் ஒருவர் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

டீச்சர் நாற்காலியை இறுகப் பற்றினாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவரைப் பார்த்தாள்.

ஐந்து வலது கால்களும் ஒரே சமயத்தில் அடியெடுத்து வைக்க எழும்பின.

ஆறாவதும்.