துருப்பிடிக்காத குழாயில் துரு

“ஆசிட்தான் மேடம். வேற இன்னாவா இருக்க முடியும்? அவன் அலமாரியிலதான் பாட்டில் கீது.”

“பாட்டில் இருக்கறது எனக்கும் தெரியும். அங்க வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்ததே நாங்கதான். மேல சொல்லுங்க.”

சொல்லிக்கொண்டிருந்தவர் பரசுராமன், வடக்குப்பட்டு கிராமத்தை ஒட்டிய அந்தப் பட்டறையின் சூப்பர்வைசர். கேட்டுக்கொண்டிருந்தவர் கங்கா, அணுமின் திட்டத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து காலையில் ஜீப்பில் வந்திறங்கிய பொறியாளர். நாற்பத்தைந்து வயது. அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவசரத்தையெல்லாம் அவருடைய உதவியாளன் ஹேமந்த் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்த அவன், ‘ஆசிட்’ என்பதற்குக் கீழே இரண்டு கோடுகள் போட்டான்.

விஷயம் இதுதான். அணு உலையை ஆபத்து நேரத்தில் குளிர்விக்கும் தண்ணீர் செல்வதற்காக ஏழு எஃகுக் குழாய்கள் இங்கே தயாராகிக்கொண்டிருந்தன. எதற்கும் துருப்பிடிக்காத எஃகு. ஆயுதபூசை முடிந்த ஆறாம் நாள் அவற்றில் ஆறு குழாய்கள்மீது பழுப்புப் புள்ளிகள் தோன்றின. முதலாளி ராஜாமணி திட்ட அலுவலகத்துக்கு டிரங்க்கால் போட்டார். அதே கையோடு வெல்டர் தாவீதை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தையும் டைப் அடித்து வைத்தார். ஒரு தனி ஆளின் விஷமம் என்றால் பட்டறையின் பெயர் தப்பிக்கும். கங்காவின் அறிக்கை அதற்கு ஒத்துப்போனால் போதும்.

தாவீதின்மேல் சந்தேகம் வரக் காரணம் இருந்தது. பூசைக்கு இரண்டு நாள் முன்பு பரசுராமனுக்கும் அவனுக்கும் எல்லோர் முன்னிலையிலும் தகராறு. இந்தக் குழாய்களுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கக்கூடாது என்று தாவீது சொல்லியிருந்தான். அதைப் பரசுராமன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பூசைக்கு முந்தின நாள் மத்தியானம் ஷெட்டில் தாவீது மட்டும் தனியாக இருந்ததைக் காவலாளி பார்த்திருந்தான்.

தாவீது சேரப்பணஞ்சேரிக்காரன். முப்பது வயது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். வெறுங்கையால்கூடக் குழாய்களைத் தொடக்கூடாது என்று திட்ட அலுவலக நோட்டீசிலேயே இருக்கிறது, சந்தனம் வேண்டாம் என்றது அதற்காகத்தான் என்றான். அன்று மத்தியானம் அலமாரியைப் பூட்ட வந்து, கால் மணி நேரத்தில் போய்விட்டதாகச் சொன்னான். நகரப்போனவன் நின்றான்.

“வேல போனா போவட்டும் மேடம். நான் ஊத்தினேன்னு மட்டும் எழுதிடாதீங்க. அப்புறம் எந்த அணுமின் நிலையத்துலயும் என்னை வெல்டிங் டார்ச்சைத் தொட வுட மாட்டாங்க.”

அது உண்மை. அந்த வேலைக்குத் தேர்வு எழுதி முத்திரை எண் வாங்கிய வெல்டர்கள் மாவட்டத்திலேயே விரல் விட்டு எண்ணும் அளவுதான். இந்தப் பட்டறையில் அவன் ஒருவன்.

கங்கா குழாய்களின் அருகே உட்கார்ந்தார், பிறகு முழங்காலிட்டார், கடைசியில் தரையில் படுத்தே பார்த்தார். மேல்பக்கமும் பக்கவாட்டும் புள்ளிகள் இருந்தன. அடிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. பற்றவைத்த இடங்களைச் சுற்றிப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. சூட்டினால் அங்கே ஏறும் நீலக் கறை ஏழாவது குழாயில் அழுத்தமாகத் தெரிந்தது. மற்ற ஆறிலும் மங்கியிருந்தது.

“ஏழாவதை மட்டும் ஏன் விட்டான்?” என்றான் ஹேமந்த். “அங்கதான் மேடம் மர்மம்.”

மர்மம் ஒன்றுமில்லை என்று பதிவேடு சொன்னது. ஏழாவது குழாய் எக்ஸ்ரே எடுக்க கிண்டிக்குப் போய், பூசைக்கு மறுநாள்தான் திரும்பியிருந்தது.

ஷெட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். லேத், டிரில்லிங் மிஷின், எடைத் தராசு, மூலையிலிருந்த துடைப்பம் வரை எல்லாவற்றிலும் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. குழாய்களில் மட்டும் ஒரு பொட்டு இல்லை. எனவே குழாய்களுக்கும் பூசைக்கும் சம்பந்தமில்லை என்று ஹேமந்த் எழுதினான். கங்கா சாமி படத்துக்கு முன்னால் இருந்த பித்தளை விளக்கைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

மதியம் கேன்டீனில் தாயாரம்மாள் மோர்க்குழம்பு ஊற்றினாள். ஒரு வாரமாக இதுதானா என்று யாரோ முனகியதற்கு, ஜாடி நிறைய வைத்திருந்த புளி பூசைக்குள் காலியாகிவிட்டது, மழையில் சந்தைக்கு யார் போவது என்று திருப்பிக் கேட்டாள். கங்கா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டதும் ஈரப் பஞ்சால் ஒரு குழாயைத் துடைத்து, அதைப் பிழிந்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் பால்போல வெளுத்தது. ஏழாவது குழாயைத் துடைத்த தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது.

“உப்பு,” என்றார் கங்கா. “மூணு பேரையும் கூப்பிடு.”

ராஜாமணி கடிதத்தோடு வந்தார். பரசுராமன் அவருக்குப் பின்னால். தாவீது தூணருகே தள்ளி நின்றான். தோல் ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தான்.

“யாராவது ஊத்தியிருந்தா கீழே வழிஞ்சு அடியில நின்னிருக்கும்,” என்றார் கங்கா. “அடிப்பக்கம் சுத்தமா இருக்கு. அலமாரியில இருக்கற ஆசிட் கறை எடுக்கறதுக்கு. அது மேல பட்டா எஃகு வெளுக்கும், இப்படிப் பழுப்பாகாது. இது கை எட்டின வரைக்கும் தேய்ச்ச தடம். நீலக் கறை இருந்த இடத்துல நிறையத் தேய்ச்சிருக்காங்க. நீங்க எல்லாரையும் ‘யார் எதை ஊத்தினது’ன்னு கேட்டீங்க. யாரும் ஊத்தல, எல்லாரும் உண்மையைத்தான் சொன்னாங்க. நான் வேற கேக்கறேன். பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் இந்தக் குழாய்களைச் சுத்தம் பண்ணது யாரு?”

பரசுராமன் உடனே கையைத் தூக்கினார். முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

“நான்தான் மேடம். பசங்கள வுடல. பொட்டு வெக்காதன்னான், வெக்கல. அதுக்காக அழுக்கோடயா சாமி முன்னால வெப்பாங்க? ஒவ்வொண்ணா என் கையாலயே வெளக்கினேன்.”

“எதைப் போட்டு?”

“வெளக்குக்குப் போட்றதுதான். புளி, கல்லுப்பு, கொஞ்சம் செங்கப்பொடி...”

பரசுராமன் குழாயைப் பார்த்தார், தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஹேமந்த் எழுதுவதை நிறுத்தினான்.

உப்பு இந்த எஃகுக்கு எமன் என்று கங்கா விளக்கினார். உலைக்குள் சூடும் அழுத்தமும் சேர்ந்தால், பற்றவைத்த இடத்தை ஒட்டி மயிரிழையாக விரிசல் ஓடும். பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

“குழாய்மேல படக்கூடாதுன்னு நாப்பத்தோரு பொருளை நாங்க பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கோம். பெயின்ட், டேப், மார்க்கர் பேனா, எல்லாம் இருக்கு. புளி இல்ல, கல்லுப்பு இல்ல. வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே டைப் அடிச்சோம். அதைப் போட்டவங்க ஆயுதபூசை கொண்டாடினதில்ல. அறிக்கையில முதல் தப்பு எங்களோடதுன்னுதான் எழுதப்போறேன்.”

ராஜாமணி கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். இப்போது என்ன செய்வது என்று கேட்டார்.

புதிய எஃகு கிடையாது. நாட்டில் அன்னியச் செலாவணி இருக்கும் நிலையில் இந்த வருடம் இறக்குமதிக்கு அனுமதி வராது. புள்ளிகளைத் தேய்த்து எடுக்கலாம். ஆறு குழாய்களிலும் உள்ள பன்னிரண்டு இணைப்புகளையும் வெட்டி மறுபடி பற்றவைக்க வேண்டும். இன்றிலிருந்து இருபத்து மூன்றாம் நாள் உலைக் கட்டடச் சுவரில் கான்கிரீட் போடுவார்கள்; அதற்குமுன் குழாய்கள் சுவருக்குள் இருக்க வேண்டும். அந்த ஒரு சுவருக்குப் பின்னால் இருநூறு வேலைகள் வரிசையில் நிற்கின்றன.

“முத்திரை வாங்கின வெல்டர்தான் பண்ணணும்,” என்றார் கங்கா.

எல்லோரும் தூண் பக்கம் திரும்பினார்கள். தாவீது அங்கே இல்லை. வெளியே தூறலில் சைக்கிள் கேரியரில் ஏப்ரனை வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தன்மேல் பழி இல்லை என்பது வரைதான் அவன் நின்று கேட்டிருக்க வேண்டும்.

பரசுராமன் குடையில்லாமல் இறங்கி நடந்தார். சைக்கிளுக்கு இரண்டடி முன்னால் நின்றார்.

“தாவீது, உன்னப் போயி இன்னா இன்னாவோ பேசிட்டேன். புள்ளி பாத்த நாள்லேருந்து எல்லார்கிட்டயும் பேசிக்கினு திரிஞ்சேன்.” தலையிலிருந்து வழிந்த தண்ணீரை அவர் துடைக்கவில்லை. “நீ இன்னா சொல்றியோ அதச் செய்றேன். தொடாதன்னா தொடல. அந்தப் பன்னெண்டு ஜாயின்ட்டையும் நீயே போட்டுக் குடுத்துட்டுப் போப்பா.”